நெருக்கடிக் காலத்தில் கிறிஸ்து பிறப்பு விழா: போன்ஹோபர் குடும்பத்தின் வரலாறு கூறுவது

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது போதகர்கள் பெரும்பாலும் இருவகைப் பிரசங்கங்களுக்கு ஆயத்தமாகிறோம். ஒன்று ஆடம்பரத்தைக் கண்டிப்பது. மற்றொன்று வறுமையில் வாடுவோரைத் தேற்றுவது. இரண்டும் தேவையானவையே. எனினும் இவ்விரண்டிற்கும் அடிப்படையாக நிற்கும் ஒரு கேள்வியை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். விழாவோடு நாம் சேர்த்துக்கொண்ட பொருள்கள் அனைத்தும் ஒரு குடும்பத்திலிருந்து எடுபட்டுப் போனால், அங்கே விழா என்று எஞ்சி நிற்பது எது? அவ்வாறு எஞ்சி நிற்பது அக்குடும்பத்திற்கு எப்போது, யாரால் வழங்கப்பட்டது?

இக்கேள்விக்குக் கருத்தளவில் விடை கூறுவது எளிது. வரலாற்றில் விடை தேடுவதே நமக்கு அதிகப் பயன் தரும். ஆகவே இக்கட்டுரையில் ஜெர்மனி நாட்டுக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். டீட்ரிச் போன்ஹோபரின் இறையியல் நம் மாணவர்கள் நன்கறிந்தது. அவரை வளர்த்த இல்லம் கிறிஸ்து பிறப்பு விழாவை எவ்வாறு கொண்டாடியது, இரு உலகப் போர்களின் நெருக்கடியிலும் சிறையிலும் அக்கொண்டாட்டம் என்ன ஆயிற்று என்பது அவ்வளவாக ஆராயப்படுவதில்லை. அதனை ஈண்டுக் காண்போம்.

1. இல்லத்தில் கற்ற வழிபாடு

டீட்ரிச்சின் தந்தை கார்ல் போன்ஹோபர் மனநோய் மருத்துவத்தில் புகழ்பெற்ற பேராசிரியர். 1912ஆம் ஆண்டு அவர் பெர்லின் பல்கலைக்கழகத்திற்கு அழைக்கப்பட்டபோது குடும்பம் அந்நகரில் குடியேறியது. பிள்ளைகள் எண்மர். டீட்ரிச்சும் அவருடைய இரட்டைச் சகோதரி ஸபீனேயும் 1906 பிப்ரவரி 4ஆம் நாள் பிறந்தவர்கள். தாய் பௌலா, திருச்சபை வரலாற்றறிஞர் கார்ல் அவுகுஸ்ட் வான் ஹாசேயின் பேத்தி.

இக்குடும்பத்தை நாம் மிகைப்படுத்திப் புகழ வேண்டியதில்லை. ஞாயிறுதோறும் ஆலயத்திற்குச் செல்லும் வழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை. தந்தை சமயக் காரியங்களைப் பற்றி அதிகம் பேசாத அறிவியலாளர். ஆயினும் திருமறைக் கதைகளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பைத் தாய் தாமே ஏற்றுக்கொண்டார். உணவு வேளையில் ஜெபமும், படுக்கைக்குச் செல்லுமுன் ஞானப்பாட்டும் அவ்வீட்டின் ஒழுங்காக இருந்தன.

கிறிஸ்து பிறப்பின் முந்தின மாலையில் குடும்பத்தார் அனைவரும், வீட்டுப் பணிப்பெண்கள் உட்பட, ஒன்றாக அமர்ந்திருக்கத் தாய் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசிப்பார். விளக்குகள் அணைக்கப்பட்ட இருளில் அனைவரும் பாடுவர். அதற்குள் மரத்தின் மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்டிருக்கும். அதன் பின்னரே பரிசுகளுக்கு இடம். பிற்காலத்தில் ஸபீனே எழுதிய நினைவுக் குறிப்புகள் இவ்வொழுங்கை அன்போடு விவரிக்கின்றன.

இது வசதி படைத்த இல்லம் என்பதை நாம் மறைக்கவில்லை. நம் கவனத்திற்குரியது, இங்கே அமைந்த வரிசைமுறையே. முதலில் வாசிப்பு, அடுத்து பாட்டு, அதன் பின் வெளிச்சம், கடைசியாகப் பரிசு. கடைசியாக வந்தது எடுபட்டாலும் முதலில் வந்தது நிலைத்திருக்கும்படி, யாரும் திட்டமிடாமலே அவ்விழா அமைந்திருந்தது.

முதற் சோதனை விரைவில் வந்தது. 1914இல் போர் மூண்டது. கடல் வழி முற்றுகையாலும் 1916இல் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்ததாலும் ஜெர்மனியில் கடும் பஞ்சம் நேரிட்டது. கால்நடைத் தீவனமாகக் கருதப்பட்ட ஒருவகைக் கிழங்கே மக்களின் உணவாயிற்று. ஆகவே 1916–17ஆம் ஆண்டுக் குளிர்காலம் அக்கிழங்கின் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. எங்கே என்ன உணவுப் பொருள் கிடைக்கும் என்று தேடி அறிந்து வருவதில் சிறுவன் டீட்ரிச் வீட்டில் பெயர் பெற்றிருந்தான். 1918 ஏப்ரலில் இரண்டாம் மகன் வால்டர் போர்முனையில் காயமுற்று இறந்தார். தாய் நெடுங்காலம் துயரத்தினின்று மீளவில்லை. 1921இல் டீட்ரிச் திடப்படுத்தல் பெற்றபோது வால்டரின் திருமறை நூல் அவருக்கு அளிக்கப்பட்டது. அதனை அவர் தம் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தினார். மறைந்தவரின் இடம் அக்குடும்பத்தில் மூடிமறைக்கப்படவில்லை என்பதற்கு இது சான்று.

2. அரசு போதித்த சிக்கனம்

சிக்கனம் என்பது தன்னளவிலேயே கிறிஸ்தவ நற்பண்பு என்று நாம் எண்ணிவிடுவதுண்டு. 1933ஆம் ஆண்டின் வரலாறு இவ்வெண்ணத்தைத் திருத்துகிறது. அவ்வாண்டு ஆட்சியைக் கைப்பற்றிய ஹிட்லரின் அரசும் சிக்கனத்தைப் போதித்தது. அக்டோபர் முதல் மார்ச் வரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பானையில் சமைத்த எளிய உணவையே உண்ண வேண்டும். அதனால் மிஞ்சும் பணத்தைக் குளிர்கால நிவாரண நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்று கட்டளை பிறந்தது. வீடு வீடாக வந்து அப்பணம் வசூலிக்கப்பட்டது. அமைச்சர்கள் பொதுவிடத்தில் எளிய உணவருந்தும் புகைப்படங்கள் நாடெங்கும் பரப்பப்பட்டன.

வெளித்தோற்றத்தில் இது நோன்பையும் தர்மத்தையும் ஒத்திருந்தது. ஆனால் அந்த ஒரே பானையைச் சுற்றி அமரக் கூடாதவர் யார் என்பதையும் அதே அரசே தீர்மானித்தது. யூதக் குலத்தவர் மக்கள் சமுதாயத்திற்குப் புறம்பானவர் என்று விலக்கப்பட்டனர். கிறிஸ்து பிறப்பு விழாவையும், யூதக் கன்னியின் மகன் பிறந்த நாள் என்னும் பொருளினின்று பிரித்து, கதிரவன் திரும்பும் நாளைக் கொண்டாடும் ஜெர்மானிய இன விழாவாக மாற்ற அவ்வாட்சியின் கொள்கையாளர் முயன்றனர்.

போன்ஹோபர் குடும்பம் இவ்விடத்தில் எப்பக்கம் நின்றது? 1933 ஏப்ரல் 1ஆம் நாள் யூதர்களின் கடைகளைப் புறக்கணிக்குமாறு அரசு ஆணையிட்டது. அன்று தொண்ணூறு வயதான பாட்டியார் ஜூலி, வாயிலில் நின்ற காவல் படையினரைக் கடந்து, யூதருடைய கடை ஒன்றுக்குள் சென்று பொருள் வாங்கி வந்தார். ஸபீனேயின் கணவர் கெர்ஹார்ட் லைப்ஹோல்ட்ஸ் யூத வமிசத்தில் பிறந்த கிறிஸ்தவர். ஆகவே 1938 செப்டம்பரில் அவர்கள் தம் இரு பெண்மக்களோடு நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தனர். அவ்வாண்டு முதல் குடும்பத்தின் கிறிஸ்து பிறப்பு விழாவில் நான்கு இடங்கள் வெறுமையாயின.

எனவே ஒரு குடும்பத்தின் விழா எளிமையாயிற்று என்பதை மட்டும் வைத்து நாம் அதனை மதிப்பிட இயலாது. எவருடைய பெயரால் எளிமையாயிற்று, எவருக்காக இடம் விடப்பட்டது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

3. சிதறுண்ட விழா

1935ஆம் ஆண்டு போன்ஹோபர் அறிக்கைத் திருச்சபையின் போதகர் பயிற்சிப் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். ஃபிங்கன்வால்டேயில் நடந்த அப்பள்ளியை 1937இல் இரகசியக் காவல் துறை மூடியது. பின்னர்ப் போர் மூண்டது. மாணவர் பலர் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர், மடிந்தோரும் பலர். அவர்களுக்குப் போன்ஹோபர் சுற்றுமடல்கள் எழுதிவந்தார். 1940ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பின்போது அவர் பவேரியாவிலுள்ள எத்தால் என்னும் பெனடிக்டு துறவிகளின் மடத்தில் விருந்தினராகத் தங்கியிருந்தார். அங்கிருந்து தம் மாணவர்களுக்கு ஏசாயா ஒன்பதாம் அதிகாரத்தின் குழந்தையைப் பற்றிய தியானம் ஒன்றை அனுப்பினார். போர்முனைப் பதுங்கு குழியிலிருந்தவனுக்கு அவர் அனுப்பக்கூடியது வசனம் ஒன்றே. ஆயினும் அதைக்கொண்டு விழா கொண்டாடக் கூடும் என்று அவர் நம்பினார்.

1942ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு விழா இன்னும் கடினமானது. போன்ஹோபர் விரைவில் மணவுறுதி செய்யவிருந்த மரியா வான் வேடமையர் என்னும் இளம் பெண், அவ்வாண்டு ஆகஸ்டில் தந்தையையும் அக்டோபரில் தமையனையும் போரில் இழந்திருந்தார். போன்ஹோபரும் அவருடைய தமக்கையின் கணவர் ஹான்ஸ் வான் தோனானியும் ஹிட்லரின் ஆட்சியைக் கவிழ்க்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தனர். எந்நாளும் கைதாகலாம் என்னும் அச்சம் நிலவியது. அச்சூழலில் போன்ஹோபர் தம் நெருங்கிய தோழருக்குக் கிறிஸ்து பிறப்பு அன்பளிப்பாக ஒரு கட்டுரை எழுதி வழங்கினார். ஹிட்லர் ஆட்சியின் பத்தாண்டுகளைத் திரும்பிப் பார்க்கும் அக்கட்டுரையின் பிரதி ஒன்று, பெற்றோர் இல்லத்துக் கூரையின் உத்திரங்களுக்கிடையே மறைத்து வைக்கப்பட்டுப் போருக்குப் பின்னும் தப்பியது. அந்நெருக்கடியில் நண்பர்கள் ஒருவருக்கொருவர் அளித்த பரிசு, தெளிந்த சிந்தனையாக இருந்தது.

4. டேகல் சிறையில் 1943

1943 ஏப்ரல் 5ஆம் நாள் போன்ஹோபர் கைது செய்யப்பட்டுப் பெர்லினிலுள்ள டேகல் இராணுவச் சிறையில் அடைக்கப்பட்டார். அன்றே தோனானியும் கைதானார். கிறிஸ்து பிறப்புக்குள் விடுதலை கிடைக்கும் என்று போன்ஹோபர் எதிர்பார்த்திருந்தார், அந்நம்பிக்கை நிறைவேறவில்லை. நவம்பரில் பெர்லின் மீது பெரும் விமானத் தாக்குதல்கள் தொடங்கின. சிறைச்சாலையைச் சுற்றிலும் குண்டுகள் விழுந்தன.

இந்நிலையில் வருகைக்காலம் தொடங்கிய ஞாயிறன்று அவர் தம் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் அல்ட்டோர்ஃபரின் கிறிஸ்து பிறப்பு ஓவியத்தை நினைவுகூருகிறார். அதில் திருக்குடும்பம் இடிந்து கிடக்கும் ஒரு வீட்டின் நடுவே காணப்படும். குண்டுகளால் இடிந்த நகரத்தில் வாழ்ந்தோருக்கு அவ்வோவியம் தங்கள் நாளைச் சித்திரிப்பதுபோல் இருந்தது. அவருடைய அறையில் ஓர் ஆணியில் வருகைக்காலப் பசுந்தழை வளையம் தொங்கியது. வேறொரு கடிதத்தில், சிறை வாழ்வு வருகைக்காலத்திற்கு ஏற்ற உவமை என்கிறார். உள்ளிருப்பவன் காத்திருக்கிறான், நம்புகிறான், சிறு வேலைகளைச் செய்கிறான். ஆனால் கதவு வெளியிலிருந்துதான் திறக்கப்பட வேண்டும்.

டிசம்பர் 17ஆம் நாள் பெற்றோருக்கு எழுதிய கடிதம் நம் ஆய்வின் மையம். அதில் அவர் முதலாவது நன்றி கூறுகிறார். பெற்றோர் ஆண்டுதோறும் தங்களுக்கு அளித்த கிறிஸ்து பிறப்பு விழாக்கள் எத்துணை வலிமை வாய்ந்தவை என்றால், இருள் சூழ்ந்த ஓர் ஆண்டிலும் அவற்றின் ஒளி குன்றவில்லை என்னும் கருத்தைத் தெரிவிக்கிறார். காலமும் சூழ்நிலையும் பறிக்க இயலாத ஓர் அகச் செல்வத்தைப் பெற்றிருப்பதன் பொருள் இத்தகைய நாட்களிலேயே விளங்குகிறது என்கிறார். பின்பு, சிறையில் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுவது விசுவாசிக்குத் தனிப்பட்ட சிக்கல் அன்று என்றும் எழுதுகிறார். மனிதர் விலகிச் செல்லும் இடத்தை நோக்கியே கடவுள் திரும்புகிறார். விடுதியில் இடமின்றித் தொழுவத்தில் பிறந்த கிறிஸ்துவின் செய்தியைக் (லூக்கா 2:7) கைதியொருவன் மற்றவரினும் நன்கு உணர்ந்துகொள்வான்.

இக்கடிதம் ஓர் இறையியலாளரின் கூற்று. அதே வேளையில் ஒரு மகனின் கூற்றுமாகும். தாய் வாசித்த லூக்கா இரண்டாம் அதிகாரத்திற்கே அவர் திரும்பிச் செல்கிறார். கிறிஸ்து பிறப்பு நாளன்று எழுதிய கடிதத்தின்படி, வீட்டாரும் மரியாவும் அனுப்பிய மெழுகுவர்த்திகளை ஏற்றி, கிறிஸ்து பிறப்பு வரலாற்றை வாசித்து, சில பாடல்களைத் தனக்குள் பாடிக்கொண்டார். இல்லத்தில் நடந்த அதே வரிசை சிறையறையிலும் ஒரு தனி மனிதனால் கடைப்பிடிக்கப்பட்டது. மரியா அனுப்பிய பரிசு, போரில் மடிந்த தம் தந்தையின் கைக்கடிகாரம்.

அவ்வாண்டு மரியா சிறைக்கு ஒரு கிறிஸ்து பிறப்பு மரத்தையும் கொண்டுவந்தார். அது மிகப் பெரியதாயிருந்தது. கட்டிலை வெளியே எடுத்துவிட்டு விழா முடியும்வரை தாம் நின்றுகொண்டிருந்தால் அதை அறையில் வைக்கலாம் என்று போன்ஹோபர் வேடிக்கையாகக் கூறினார். முடிவில் மரம் காவலர் அறையில் வைக்கப்பட்டது. நெருக்கடிக் கால விழாவிலும் சிரிப்புக்கு இடமுண்டு என்பதை நாம் கவனிக்கத் தவறலாகாது.

அதே நாட்களில் அவர் உடன்கைதிகளுக்காகக் காலை ஜெபம், மாலை ஜெபம், பெருந்துன்ப வேளையின் ஜெபம் ஆகியவற்றை எழுதினார். சிறைச்சாலைப் போதகர்கள் அவற்றை மறைவாகக் கைதிகளுக்கு வழங்கினர். இன்னுமொரு செய்தி குறிப்பிடத்தக்கது. போன்ஹோபரின் உறவினர் ஒருவர் பெர்லின் நகரின் படைத்தலைவர் என்று அறிந்த காவலர், அவருக்கு உணவை மிகுதியாக அளிக்க முன்வந்தனர். அது பிற கைதிகளின் பங்கினின்று எடுக்கப்படும் என்பதால் அவர் மறுத்துவிட்டார். பிறருக்குரிய பங்கைத் தொடாத இம்மறுப்பே கிறிஸ்தவச் சிக்கனம். அரசு போதித்த சிக்கனத்தினின்று அது வேறுபடுவது இவ்விடத்தில்தான்.

5. நிரப்பப்படாத இடம்

நெருக்கடிக் காலத்தில் நாம் இரண்டு தவறான ஆறுதல்களைக் கூறக்கூடும். போன்ஹோபர் கிறிஸ்து பிறப்பை ஒட்டி எழுதிய கடிதங்கள் இரண்டையும் விலக்குகின்றன.

முதலாவது, இவ்வுலக இன்பங்கள் அற்பமானவை. ஆகவே அவை இல்லாமற்போனது நன்மையே எனல். டிசம்பர் 18ஆம் நாள் தம் நண்பர் எபர்ஹார்ட் பேத்கேக்கு எழுதும்போது, கடவுள் அளிக்கும் நன்மைகளிலேயே அவரை நேசிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார். கடவுள் மகிழ்ச்சியைத் தரும் வேளையில் அதனை அலட்சியம் செய்துவிட்டு விண்ணுலகை நாடுவது பக்தியாகாது. எளிய விழாவைக் கொண்டாடுவோர் விருந்தை இகழ வேண்டியதில்லை.

இரண்டாவது, இழந்தவரின் இடத்தைக் கடவுளே நிரப்பிவிடுவார் எனல். டிசம்பர் 24ஆம் நாள், பேத்கேக்கும் அவர் மனைவி ரெனாத்தேக்கும் எழுதிய கடிதத்தில் போன்ஹோபர் இதற்கு மாறாகக் கூறுகிறார். அன்புக்குரியவர் இல்லாத இடத்தை எதனாலும் நிரப்ப இயலாது. நிரப்ப முயலவும் கூடாது. கடவுள் அவ்விடத்தை வெறுமையாகவே காக்கிறார். அதனாலேயே நமக்குள் உறவு, வேதனையோடாயினும், தொடர்கிறது. பேத்கே விரைவில் இத்தாலியப் போர்முனைக்குச் செல்லவிருந்தார். பிரிவை எதிர்நோக்கிய இளம் தம்பதியருக்கு எழுதப்பட்டதால் இச்சொற்கள் மிகுந்த கனம் பெறுகின்றன. துக்க வீட்டில் கிறிஸ்து பிறப்பு நாளன்று ஜெபிக்கச் செல்லும் போதகர் ஒவ்வொருவரும் இதனைச் சிந்திக்க வேண்டும்.

6. கடைசி விழா

1944 ஜூலை 20ஆம் நாள் ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோல்வியுற்றது. அக்டோபரில் போன்ஹோபர் இரகசியக் காவல் துறையின் நிலவறைச் சிறைக்கு மாற்றப்பட்டார். தமையன் கிளவுஸ், தமக்கை உர்ஸுலாவின் கணவர் ரூடிகர் ஷ்லைகர், பேத்கே ஆகியோரும் கைதாயினர். தோனானி நோயுற்ற நிலையில் சாக்சன்ஹவுசன் முகாமில் கிடந்தார். அவ்வாண்டின் விழாவில் இரு மக்களும் இரு மருமக்களும் பெயர்த்தியின் கணவரும் சிறையிலிருக்க, முதிய பெற்றோர் பெர்லினில் இருந்தனர்.

டிசம்பர் 19ஆம் நாள் போன்ஹோபர் மரியாவுக்கு எழுதிய கடிதத்தோடு, அவருக்கும் பெற்றோர் உடன்பிறந்தோருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்தாக ஒரு கவிதை அனுப்பினார். கடவுளின் நல்லாற்றல்கள் தம்மைச் சூழ்ந்திருப்பதைப் பாடும் அக்கவிதை, போருக்குப் பின் ஜெர்மன் திருச்சபைப் பாட்டு நூலில் இடம்பெற்றுப் பலரால் பாடப்பட்டு வருகிறது. தாம் தனிமையாக விடப்பட்டதாக உணரவில்லை என்றும், தூரத்திலுள்ள அன்பர்களின் ஜெபங்களும் நினைவுகளும் தம்மைத் தாங்குகின்றன என்றும் கடிதத்தில் கூறுகிறார். சிறு பிள்ளைகள் இரவில் பாடும் தேவதூதரைப் பற்றிய பாடலை அங்கே அவர் நினைவுகூருவது நோக்கத்தக்கது. படுக்கைக்குச் செல்லுமுன் தாய் கற்பித்த ஒழுங்கு நிலவறையிலும் அவரை விட்டகலவில்லை.

1945 ஜனவரி 17ஆம் நாள் பெற்றோருக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், தம் உடைகளுள் தேவையானவற்றைப் பிறருக்குக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறார். மனிதன் எவ்வளவு குறைந்த பொருளோடு வாழக்கூடும் என்பதைக் கடந்த ஈராண்டுகளில் தாம் கற்றுக்கொண்டதாகவும் குறிப்பிடுகிறார். ஏப்ரல் 9ஆம் நாள் ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அதே மாதத்தில் தோனானியும் கொல்லப்பட்டார். கிளவுஸும் ஷ்லைகரும் ஏப்ரல் 22ஆம் நாள் இரவில் பெர்லினில் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜூலை 27ஆம் நாள் லண்டனில் நடந்த நினைவு ஆராதனையை வானொலியில் கேட்டே டீட்ரிச்சின் மரணத்தைப் பெற்றோர் அறிந்தனர்.

7. நாம் கற்பது

இவ்வரலாற்றினின்று பஞ்சத்தையும் சிறையையும் புகழும் பிரசங்கம் ஒன்றை நாம் உருவாக்கலாகாது. பசித்தவனிடம் பசியின் மேன்மையைப் பேசுவது அரசாங்க அமைச்சர்கள் ஒரே பானை உணவோடு படம் எடுத்துக்கொண்டதற்கு ஒப்பாகும். வறுமையிலுள்ள குடும்பத்திற்கு நாம் முதலாவது கடமைப்பட்டிருப்பது உதவியே.

ஆயினும் உதவிக்கு அப்பாலும் போதகனின் கடமை ஒன்றுண்டு. டேகல் சிறையின் விழா 1943இல் ஆயத்தமாக்கப்படவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், மரமும் பரிசும் தாராளமாயிருந்த காலத்தில், தாய் ஒருவர் பிள்ளைகளை அமரவைத்து வாசித்த மாலையில் அது ஆயத்தமாயிற்று. நெருக்கடி வந்த பின் அக்கல்வியைத் தொடங்குவது அரிது. ஆகவே குடும்பங்கள் தங்கள் இல்லங்களிலேயே லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கவும், ஒரு சில பாடல்களையும் ஜெபங்களையும் பிள்ளைகள் மனப்பாடமாக அறியவும் நாம் வழிகாட்ட வேண்டும். ஆலயத்தில் நாம் நடத்தும் நிகழ்ச்சிகள் எத்துணைச் சிறந்தவையாயினும், வீட்டில் தாயும் தந்தையும் செய்ய வேண்டியதை அவை ஈடுசெய்யா. நம் விழா நிகழ்ச்சிகள் மிகுந்து, அதனால் குடும்பங்கள் தங்கள் வீட்டில் ஒன்றாக அமர நேரமின்றிப் போகுமாயின், நாம் அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம் என்று சிந்திக்க வேண்டும்.

மேலும், அக்குடும்பத்தின் மேசையில் நாடு கடந்தோருக்கும் சிறைப்பட்டோருக்கும் உரிய இடம் மறக்கப்படவில்லை. எளிய விழாவைக் கிறிஸ்தவ விழாவாக்குவது அவ்விடமே. இவ்வாண்டு நம் சபையின் இல்லங்களில் எவருடைய இடம் வெறுமையாயிருக்கிறது, எவருக்கு இடமில்லையென்று நாம் கதவடைத்திருக்கிறோம் என்று விசாரித்து அறிந்த பின்னரே, கிறிஸ்து பிறப்பு நாளின் பிரசங்கத்தை எழுத நாம் அமர வேண்டும்.